அடைமொழிகளை விட்ட வரலட்சுமி

திருத்தணியில் இறங்கி, "இங்க யாரோ கவிஞரம்மா இருக்காங்களாமே" என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிக்கவே மாட்டார். பைபாஸ் பக்கம் கஜபதி வைத்திருக்கும் ஃப்ளெக்ஸ் கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். உள்ளே மை வாசனை தேங்கிய சின்ன அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள் வரலட்சுமி. நாற்பதைத் தாண்டியவள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வந்தவரை ஒரு பார்வை பார்த்து, "காதுகுத்தா, கண்ணீர் அஞ்சலியா?" என்பாள். முகத்தைப் பார்த்தே பாதி நேரம் சரியாகச் சொல்லிவிடுவாள்.

ஊரில் தொங்குகிற பேனர்களில் பாதிக்குமேல் அவள் எழுதிய வரிகள்தான். பேனரில் மணமகன் பெயர் இருக்கும், தாய்மாமன்கள் பெயர் இருக்கும், கட்சிக்காரர் படம் இருக்கும். வரலட்சுமியின் பெயர் மட்டும் இருக்காது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போவாள். கூட யாராவது வந்தால், "இது நம்முளுது, அதோ அதுவும் நம்முளுது" என்று கை காட்டுவாள். நிலம் வைத்திருப்பவர்கள் வரப்பைக் காட்டுவது போலத்தான் இருக்கும்.

பிறந்தது ஆர்.கே.பேட்டை. நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். தெலுங்கு அவளுக்கு வாயில் மட்டும்தான் உண்டு, கையில் கிடையாது. சித்தூர் பக்கத்திலிருந்து வரும் பஸ்களின் பலகையை இன்றைக்கும் அவளால் படிக்க முடியாது. வட்டம் வட்டமாய் ஏதோ கோலம் போல இருக்கும். தமிழைப் பள்ளிக்கூடத்தில் கற்றாள். கற்றதில் ஒரு வைராக்கியம் இருந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பெண், "நீ தெலுங்குக்காரி, உனக்கு ழகரம் வராது" என்று சொல்லிவிட்டாள். அந்த வருஷம் முழுக்க வரலட்சுமி ழகரத்தை உருப்போட்டாள். அடுத்த வருஷம் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். அன்றிலிருந்து எழுதுகிற தமிழ் என்றால் அவளுக்குக் கல்யாண வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிற பட்டுப்புடவை மாதிரி. கசங்கக் கூடாது. பேச்சுவழக்கின் கறை ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

அத்தை மகன் சுதாகரைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தாள். சுதாகருக்கு அரக்கோணம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. அதிகம் பேசாத மனிதர். வரலட்சுமி அவரை, தெலுங்கில் அத்தானைக் கூப்பிடுவது போல, "பாவா" என்று கூப்பிடுவாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் டி.டி.பி. படித்துவிட்டு கஜபதியின் கடையில் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளில், அண்ணனைப் பறிகொடுத்த ஒருவர் வந்து, "எதனா ரெண்டு வரி நல்லதா போட்டுக் குடும்மா" என்று அழுதபோது, யாரையும் கேட்காமல் அவளே தட்டினாள்:

விண்ணகம் சென்ற விடிவெள்ளியே
கண்ணகம் நிறைந்த கற்பூர ஒளியே

அழுதுகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க அண்ணன் எட்டாங்கிளாஸ்மா. அவனுக்கு இவ்ளோ பெரிய வார்த்தையா!" என்று கைகூப்பினார். அன்றே கஜபதிக்குப் புரிந்துபோனது, கடைக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று.

அப்புறம் ஏறுமுகம்தான். அரக்கோணத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் கவிதை வட்டத்தில் சேர்ந்தாள். அதை நடத்துகிறவர் பரந்தாமன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மோனை தவறாத மனிதர். வரலட்சுமி மேடையேறி நிலாவையும் தென்றலையும் அழைத்தால் கைதட்டல் அடங்க நேரமாகும். 'நிலவின் நெற்றிப்பொட்டு' என்று ஒரு புத்தகமும் போட்டாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதை ஷோகேஸில் வைத்தார்கள். யாராவது படித்தார்களா என்று அவள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

ஒருமுறை ஒரே தெருவில் எதிரெதிராக இரண்டு சாவு. இரண்டு பேனரிலும் அதே விடிவெள்ளி. கஜபதி லேசாகப் பதறினான். "யக்கா, ரெண்டுத்துலயும் ஒரே லைன் வந்துட்ச்சே!"

"நல்ல லைன்னா ரெண்டு தபா வந்தா இன்னாவாம்?" என்றாள் வரலட்சுமி. தெருவிலும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆடிக்கிருத்திகை வந்தது.

ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி திருத்தணியாக இருக்காது. இந்தப் பக்கம் வேலூர், சென்னை. அந்தப் பக்கம் புத்தூர், நகரி, நெல்லூர். எல்லா ஊரும் காவடியோடு வந்து மலையடிவாரத்தில் இறங்கிவிடும். அந்தக் கூட்டத்தில் ஆட்கள் தொலைவதும் கிடைப்பதும் வழக்கம். அடிவாரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தன்னார்வலர்கள் சிலர் பந்தல் போட்டு, மைக் வைத்து, தகவல் மையம் என்று ஒன்று நடத்துவார்கள். அந்த வருஷம் அவர்களுக்கு அறிவிப்பு செய்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பந்தலுக்குப் பேனர் கட்டப் போயிருந்த கஜபதி, "நம்ம கடைல ஒரு அக்கா கீறாங்க. தமிழும் பேசுவாங்க, தெலுங்கும் பேசுவாங்க. கவிஞர் வேற" என்று வாயை விட்டுவிட்டான்.

வரலட்சுமிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மைக் என்றால் அவளுக்கு அப்படி ஒரு இது. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு காலையிலேயே போய் உட்கார்ந்தாள்.

முதல் அறிவிப்பையே மேடைப்பேச்சு மாதிரிதான் ஆரம்பித்தாள். "அலைகடலெனத் திரண்டிருக்கும் அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களே, தணிகை மலையின் தாள் பணிய வந்திருக்கும்..." அவள் விஷயத்துக்கு வருவதற்குள் ஒரு காவடிக் கூட்டம் பம்பையடித்துக்கொண்டு கடந்துபோய்விட்டது. பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் குனிந்து, "மேடம், கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்க மேடம்" என்றார். வரலட்சுமி சுருக்கினாள், அலைகடலை மட்டும்.

நடுப்பகலுக்கு முன்னால் மணியம்மை வந்தாள். நகரிக்குப் பக்கத்தில் ஏதோ கிராமம், விவசாயக் குடும்பம். தம்பியைக் காணவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே தெலுங்கில் சொன்னாள். தம்பி பேர் கோதண்டம். முப்பது வயது இருக்கும். சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. தெரியாத ஆட்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல மாட்டான். ஆனால் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரியும்.

வரலட்சுமி மைக்கை இழுத்தாள். "மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டி கட்டிய, மாநிறமான..." சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கிப் பந்தலுக்கு வெளியே பார்த்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

எதிரே வீதி முழுக்க மொட்டைத் தலைகள். எல்லாத் தலையிலும் சந்தனம். எல்லா இடுப்பிலும் மஞ்சள். மலைப்படி வரைக்கும் அவள் சொன்ன ஆள்தான் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தான்.

பெண் போலீஸ் சிரித்துவிட்டார். மணியம்மை சிரிக்கவில்லை. அவள் சூடான தார் ரோட்டில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் வரலட்சுமி அந்தக் கால்களைப் பார்த்தாள்.

"செருப்பு எங்கம்மா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"அவன்கிட்ட இருக்கு" என்றாள் மணியம்மை. குளத்தில் இறங்குவதற்காகக் கழற்றினாளாம். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லித் தம்பி கையில் கொடுத்தாளாம். குளித்துவிட்டு வந்து பார்த்தால் தம்பி இல்லை. "கீழே வைக்க மாட்டான். நான் குடுத்தா கீழ வைக்கவே மாட்டான்."

வரலட்சுமி மைக்கை ஒரு நிமிஷம் கையால் மூடிக்கொண்டாள். அவள் வாய்க்குள் வழக்கம்போல வார்த்தைகள் வரிசைகட்டி நின்றன. உடன்பிறந்த பாசம், கண்ணீர்க் கடல், கானல் பாதம். ஒன்றுகூட அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வராது என்று அவளுக்குத் தெரிந்தது. மூடிய கையை எடுத்தாள். மேடைக் குரலை விட்டுவிட்டு, ஆர்.கே.பேட்டை வீட்டில் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் பேசினாள்.

"கோதண்டா, அக்க செப்புலு நீ தெக்கரே உண்டாயி. அக்ககு காள்ளு கால்தா உண்டாயி. நீள்ள தொட்டி காடிகி ரா நைனா."

பிறகு தமிழில்: "கோதண்டம், அக்கா செருப்பு உன்கிட்டதான் இருக்கு. அக்காவுக்குக் கால் சுடுது. தண்ணித் தொட்டிகிட்ட வாப்பா. மத்தவங்க கொஞ்சம் பாருங்க. கையில ஒரு ஜோடி லேடீஸ் செருப்பு வச்சிகினு ஒருத்தர் நிப்பாரு. அவருக்கு வழி விடுங்க. ஒண்ணும் கேக்காதீங்க."

அவ்வளவுதான். ஒலிபெருக்கிக் குழாய்கள் அதை மலை வரைக்கும் கொண்டுபோயின. வீதியில் நடந்துகொண்டிருந்தவர்கள் பக்கத்து ஆளின் தலையைப் பார்ப்பதை விட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வரலட்சுமி இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பூக்கடைகள் பக்கம் கூட்டம் மெல்லப் பிளந்தது. நடுவில் ஒரு மொட்டைத்தலை ஆள், நீல வார் போட்ட பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வேகமாக வந்தான். வந்தவன் நேராக அக்காவின் முன்னால் போய் நின்றான். குனிந்து செருப்பை அவள் காலடியில் வைத்தான். வலது வலதாகவும் இடது இடதாகவும் சரிபார்த்து வைத்தான்.

மணியம்மை அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் அதே கையால் அவன் தலைச் சந்தனத்தைத் துடைத்துவிட்டாள். இரண்டு பேரும் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். நன்றி சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வரலட்சுமி மைக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ மேடையில் கைதட்டல் வாங்கியவள். ஒரு வாக்கியம் சொன்னதற்காக ஒரு ஆள் எழுந்து நடந்து வந்து எதிரில் நின்றதை அன்றுதான் பார்த்தாள்.

அந்தத் திருவிழா முடிகிறவரைக்கும் அவள் தேடுகிறவர்களிடம் தலையையும் வேட்டியையும் பற்றிக் கேட்கவில்லை. "அவங்ககிட்ட மட்டும் இருக்கிறது எது? சொல்லுங்க" என்றுதான் கேட்டாள். ஒருத்தர் யோசித்து யோசித்து, "எங்க மாமியார் எல்லா டீக்கடையிலயும் நின்னு, சர்க்கரை கம்மியா போடுன்னு சண்டை போடுவாங்க" என்றார். வரலட்சுமி அதையே அறிவித்தாள். அந்த அம்மாள் ஒரு டீக்கடையிலிருந்துதான் கோபமாக வந்தாள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவளுக்கு எழுத உட்காராமல் இருக்க முடியவில்லை. கோதண்டத்தைப் பற்றி எழுதினாள். எழுதிப் படித்தபோது வாய் கசந்தது. 'பாச மலையின் படிக்கட்டில்' என்று ஆரம்பித்திருந்தது. கிழித்தாள். மறுபடி எழுதினாள். இந்தத் தடவை செருப்பு 'அன்பின் தோணி' ஆகிவிட்டிருந்தது. செருப்பைச் செருப்பு என்று எழுதக் கை வரவில்லை. அத்தனை வருஷம் பழகிய கை. மாதக்கணக்கில் இப்படியே போனது.

வேறு யாராவது என்றால் இதோடு சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். வரலட்சுமி அந்த ரகம் இல்லை. ழகரத்தை ஒரு வருஷம் உருப்போட்டவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தாள். சொந்தப் புத்தகத்தையே எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற வரியை எல்லாம் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பக்கம் வந்தபோது அடிபடாமல் நின்றது கைவிரலால் எண்ணிவிடக்கூடிய வரிகள்தான். அதற்காக அழவும் இல்லை, புத்தகத்தைப் பரண்மேல் போடவும் இல்லை. அதை எழுதினவளும் நான்தான், இதை அடிக்கிறவளும் நான்தான் என்று எண்ணியபோது, அவளுக்குத் தான் கொஞ்சம் உயரமானது போலத்தான் இருந்தது.

கடையில் சில கஷ்டங்கள் வந்தன. அஞ்சலி பேனருக்கு வந்தவர்களிடம், "அப்பாகிட்ட மட்டும் இருந்தது எதுங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, வந்த காரியத்தையே மறந்து போனார். இன்னொருவர் எரிச்சலாகிவிட்டார். "அதெல்லாம் எதுக்கும்மா? எல்லாருக்கும் போடுறத எனக்கும் போடு. எங்கப்பா இன்னா குறைஞ்சவரா?"

கஜபதி தலையில் கை வைத்தான். "யக்கா, நீ கேள்வி கேட்டுகினே இருந்தா மிஷின் சும்மா கிடக்குதுக்கா."

வரலட்சுமி யோசித்தாள். எரிச்சல்பட்டவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருக்கு வேண்டியது கவிதை அல்ல. ஊரோடு ஒத்த மரியாதை. அதைக் கேட்டு வருகிறவர்களுக்கு விடிவெள்ளியைத் தாராளமாக எழுதிக் கொடுத்தாள். மனசு வைத்துத்தான் கொடுத்தாள். பேனர் அவர்களுடையது, கவிதை தன்னுடையது என்று பிரித்துக்கொண்டாள். பிரித்த பிறகு இரண்டும் நன்றாக வந்தன.

முதல் கவிதை வந்தது ஒரு சண்டைக்குப் பிறகு. என்ன சண்டை என்பது அவளுக்கே மறந்துவிட்டது. சுதாகர் முன்னறையில் இருக்க, அவள் உள்ளே போய்ப் படாரென்று கதவைச் சாத்தினாள். கதவு படார் என்று சொல்லவில்லை. வெண்ணெயில் போவது போலப் போய் மூடிக்கொண்டது. இரும்போடு வேலை செய்கிற மனிதர். வீட்டில் ஒரு கீல் முனகினால்கூட அவருக்குப் பொறுக்காது. கதவுக்குப் பின்னால் நின்றபடி வரலட்சுமிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து செல்போனிலேயே தட்டினாள்:

எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சத்தம் போடாது.
பாவா எண்ணெய் விட்டுவிடுவார்.
கோபித்துக்கொண்டு நான் அறைந்து சாத்தினாலும்
மெதுவாய்ப் போய்
நிலையோடு சேர்ந்துகொள்ளும்.
சண்டை நடந்தது
எங்கள் இரண்டு பேரைத் தவிர
யாருக்கும் தெரியாது.
காதல் என்னும் எண்ணெயில்
கழலாத கீல்கள் நாங்கள்.

அடுத்த ஞாயிறு அரக்கோணம் கூட்டத்தில் வாசித்தாள். வழக்கமான கைதட்டல் வரவில்லை. நடுவில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். முடிந்ததும் பரந்தாமன் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, தப்பா நினைக்கக் கூடாது. கடைசி ரெண்டு வரி இருக்கே, அது கவிதை. மேல இருக்கிறது எல்லாம் வீட்ல நடந்த பேச்சு. அதை இன்னும் மெருகேத்தணும். அப்புறம் இந்த 'பாவா'. தமிழ்க் கவிதைக்குள்ள தெலுங்கு எதுக்கு? 'அத்தான்'னு போட்டா என்ன, அழகா இருக்குமே?"

சபையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். வரலட்சுமி எழுந்தாள்.

"அத்தான்னு போட்டா அழகாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா வீட்ல போயி நான் அத்தான்னு கூப்பிட்டா, யாரையோ கூப்புடுறாங்கன்னு அவரு திரும்பி வாசலைப் பாப்பாரு."

கூட்டம் சிரித்தது. பரந்தாமனும் சிரித்துவிட்டார்.

"தமிழ் எனக்கு வேணும்னு நான் கேட்டு வாங்குன மொழிங்க. அதுக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன். ஆனா எங்க வீட்ல பாவாவுக்கு வேற பேரு கிடையாது. ஒருத்தரைக் கூப்பிடுற பேரை மாத்திட்டா அவரு வர மாட்டாரு. இன்னொண்ணு சொல்லிடுறேன். நீங்க கடைசி ரெண்டு வரி கவிதைன்னு சொன்னீங்க. சொன்னதும்தான் எனக்கு வெளிச்சம் ஆச்சு. அந்த ரெண்டு வரியும் யாரு வீட்டுக் கதவுக்கும் பொருந்தும். அதை எடுத்துடுறேன்."

"நான் நல்லா இருக்குன்னு சொன்னதை எடுக்கிறீங்களா?"

"ஆங். கோச்சிக்காதீங்க."

கோபித்துக்கொள்ளாமல் இல்லை. கொஞ்ச நாள் பரந்தாமன் அவளிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் நேர்மையான மனிதர். பதினைந்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "என் வீட்டம்மாகிட்ட உன் கவிதையை சொன்னேன்மா. என் கவிதை எதைச் சொன்னாலும் 'நல்லா இருக்குங்க'ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிடுவா. இதுக்கு அடுப்பை அணைச்சிட்டு வந்து, மறுபடி சொல்லுங்கன்னா. எனக்கு இப்பவும் மெருகு வேணும்னுதான் தோணுது. ஆனா அவ கேட்டான்னு உனக்குச் சொல்லணும்ல." அவர் இன்றைக்கும் மோனையில்தான் எழுதுகிறார். நன்றாகவே எழுதுகிறார். இரண்டு பேரும் இப்போது ஒருவர் எழுதியதை ஒருவருக்கு முதலில் அனுப்பிக்கொள்கிறார்கள். விட்டுக்கொடுக்காமல் சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள்.

சுதாகரிடம் அந்தக் கவிதையை அவள் காட்டியது கூட்டத்துக்கெல்லாம் பிறகுதான். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போனைத் தூரமாகப் பிடித்து, ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இது கவிதையா? நான் பண்றதைத்தானே எழுதி வச்சிகினு கீற."

"ஆங், அதான் கவிதை."

"ஒண்ணு தப்பா கீது" என்றார் சுதாகர். "சத்தம் வரல, சரி. ஆனா நீ அன்னிக்கு கதவை சாத்துனது எனக்கு கேட்டுது." சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

வரலட்சுமி அந்த இடத்திலேயே உட்கார்ந்து, அவர் சொன்னதைக் கவிதையில் சேர்க்கலாமா என்று யோசித்தாள். சேர்க்கவில்லை. அது அவருடைய வரி. சில நல்ல வரிகள் எழுதாமல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். முன்பு என்றால் விட்டிருக்க மாட்டாள்.

இந்த வருஷம் தை மாதத்தில் நகரியில் தமிழும் தெலுங்கும் எழுதுகிறவர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். வரலட்சுமியையும் கூப்பிட்டிருந்தார்கள். சுதாகர் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். ஒரு பள்ளிக்கூட ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம் நிரம்பியிருந்தது. வந்திருந்தவர்களில் நிறையப் பேர் தறி ஓட்டுகிறவர்கள், பெண்கள் அதிகம். கதவுக் கவிதையைத் தமிழில் வாசித்தாள். பாதிப் பேருக்குப் புரிந்தது. மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கும் முன்பே வரலட்சுமி, "இருங்க, நானே சொல்லிடுறேன்" என்று தெலுங்கில் ஆரம்பித்துவிட்டாள்.

கையில் தாள் இல்லை. தெலுங்கில் எழுதத்தான் அவளுக்குத் தெரியாதே. வீட்டில் யாரிடமோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். 'மா இண்ட்லோ ஏ தலுப்பூ சப்தம் சேயது' என்று, எந்தக் கதவும் சத்தம் போடாது என்கிற முதல் வரியை ஆரம்பித்ததுமே முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவு மெதுவாய்ப் போய் மூடிக்கொண்ட இடத்தில் ஹாலே சிரித்தது. தமிழில் சிரிப்பு வந்த இடம் வேறு, தெலுங்கில் வந்த இடம் வேறு என்பதை அவள் கவனித்தாள். ஒரே கவிதை இரண்டு வாயில் இரண்டு இடத்தில் திரும்புகிறது. அது அவளுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. பின்வரிசையில் சுதாகர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எந்தப் பாவா என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

முடிந்த பிறகு கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "மேடம், ரெண்டு மொழில எது உங்க சொந்த மொழி? கவிதை எதுல வருது?"

முன்பு இந்தக் கேள்வி கேட்டிருந்தால் வரலட்சுமிக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்து முகம் சிவந்திருக்கும். இப்போது அவளுக்குக் கேள்வி பிடித்திருந்தது.

"பசிச்சா தெலுங்குலதான் கேப்பேன்மா. பஸ்ல எவனாவது இடிச்சா தமிழ்லதான் திட்டுவேன். கனவு எதுல வருதுன்னு கவனிச்சதில்ல. எழுதுறது தமிழ்ல. ஏன்னா எனக்கு எழுதத் தெரிஞ்சது அதுதான், அதை நான் கஷ்டப்பட்டு வாங்கி வச்சிருக்கேன். ஆனா எழுதும்போது யாரு வந்து முன்னால நிக்கிறாங்களோ, அவங்க பேசுறதை நான் மாத்துறதில்ல. எங்கம்மா வந்தா தெலுங்கு வரும். கஜபதின்னு எங்க முதலாளி, அவன் வந்தா மெட்ராஸ் தமிழ் வரும். அவ்ளோதாம்மா எனக்குத் தெரிஞ்சது."

"அப்போ நல்ல தமிழ்னு ஒண்ணு இல்லையா மேடம்?"

"ஏன் இல்ல? நிறைய கீது. அதை இன்னும் படிச்சிகினுதான் இருக்கேன். நல்ல தமிழ்னா பெரிய வார்த்தைன்னு நினைச்சிகினு இருந்தேன். இப்போ அப்படி நினைக்கல."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. சுதாகர் உட்கார்ந்ததுமே கண்ணை மூடிக்கொண்டார். பஸ் ஒரு தறிக்காரத் தெருவைக் கடக்கும்போது கரண்ட் போயிற்று போல. அதுவரை வெளியே கடகடவென்று கேட்டுக்கொண்டிருந்த பவர்லூம் சத்தம் எல்லாம் ஒரே அடியாக நின்றது. நின்ற பிறகும் ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் தொண்டை கிழியக் கத்தினாள்: "சோறு ஆறிப்போது, வாய்யா!" தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். சத்தம் நின்றது அந்தக் குரலுக்கு இன்னும் தெரியவில்லை. தெருவே அதைக் கேட்டது. அடுத்த நொடி அவளுக்கும் தெரிந்துவிட்டது. குரல் சட்டென்று தணிந்து, என்னவோ சொல்லிச் சிரித்தது.

வரலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நொடிக்கு என்ன பெயர்? தறி நின்ற பிறகும் ஆட்கள் கத்திக்கொண்டிருக்கிற அந்த ஒரு நொடிக்கு? அவளுக்குத் தெரிந்த எந்த மொழியிலும் அதற்கு ஒரு சொல் இல்லை. பக்கத்தில் சுதாகரைத் தட்டி எழுப்பினாள்.

"பாவா, கரண்ட் போனா நம்ம வீட்ல அம்மா இப்படித்தானே கத்துவாங்க?"

"ஆங்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "உங்கம்மா மட்டுமா? நீயும்தான்."

அவள் போனை எடுத்தாள். முதல் வரியைத் தட்டினாள். படித்துப் பார்த்துவிட்டு ஒரு சொல்லை அழித்தாள். பஸ் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. திருத்தணி வருவதற்குள் முடித்தே ஆக வேண்டும் என்று அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.